ஆய்வேட்டின் நூற்பட்டியலில் தலைப்புகள்: சாய்வெழுத்தா, மேற்கோள்குறியா?

நாஞ்சில் நாட்டுக் கோயில் நிலங்களைப் பற்றித் திருவனந்தபுரத்தில் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதிவரும் நீங்கள், நூற்பட்டியலில் மூலங்களின் தலைப்புகளை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நெறியாளர் எல்லாத் தலைப்புகளையும் சாய்வெழுத்தில் போடச் சொல்கிறார். ஆய்வுக்குழுவில் உள்ள இன்னொருவர் மேற்கோள்குறி எங்கே என்று கேட்கிறார். நூற்பட்டியல் மென்பொருள் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றைச் செய்கிறது. தமிழ், மலையாள மூலங்களின் தலைப்புகளை என்ன செய்வதென்று கேட்டால் யாரிடமும் திட்டமான விடை இல்லை. இதுதான் உங்கள் நிலை. நெறியாளர் சொல்வதும் குழு உறுப்பினர் சொல்வதும் பாதிப் பாதி சரி. இருவரும் வேறு வேறு நடைக்கையேட்டை, அதாவது மேற்கோளும் நூற்பட்டியலும் எழுதும் விதிகளின் தொகுப்பை, மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்றே தோன்றுகிறது.

எல்லாக் கையேடுகளுக்கும் அடியில் கிடக்கும் வேறுபாடு ஒன்றுதான். அந்தப் பெயர் தனித்து நிற்கும் படைப்பின் பெயரா, அல்லது இன்னொரு படைப்புக்குள் அடங்கியிருக்கும் பகுதியின் பெயரா என்பதே அது. நூலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒரு பொருளாக எடுத்துக் கையில் தருவார்களா என்று பாருங்கள். புத்தகம், ஆய்விதழ், செய்தித்தாள், திரைப்படம் ஆகியவை அப்படித் தரக்கூடியவை. அவற்றின் பெயர் சாய்வெழுத்தில் வரும். இதழில் வந்த கட்டுரை, தொகுப்பு நூலின் ஓர் இயல், நாளிதழின் ஒரு செய்தி ஆகியவற்றைத் தனியே பிரித்துத் தர முடியாது. அவற்றின் பெயர் சாயாது, எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) கையேட்டின் முறையிலும் சிகாகோ கையேட்டின் முறையிலும் அது இரட்டை மேற்கோள்குறிக்குள் நிற்கும். 2016-இல் வந்த எம்.எல்.ஏ. எட்டாம் பதிப்பு இந்த அடக்கும் பொருளுக்குக் கொள்கலன் என்றே ஒரு பெயரிட்டு, முறை முழுவதையும் அதன்மேல் கட்டியது. 2021-இல் வந்த ஒன்பதாம் பதிப்பும் அதையே தொடர்கிறது.

ஏ.பி.ஏ. (அமெரிக்கன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷன்) கையேட்டின் முறையில்தான் ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அங்கே ஒரே கட்டுரைத் தலைப்பு ஆய்வேட்டின் உடலில் ஒரு விதமாகவும் நூற்பட்டியலில் வேறு விதமாகவும் எழுதப்படுகிறது. பட்டியலில் கட்டுரைத் தலைப்புக்குச் சாய்வும் இல்லை, மேற்கோள்குறியும் இல்லை. அதே தலைப்பை உரைநடைக்குள் குறிப்பிட்டால் மேற்கோள்குறி வந்துவிடும். இதழின் பெயர் சாய்வாக இருக்கும், அதை அடுத்து வரும் தொகுதி எண்ணும் சாய்வாக இருக்கும், ஆனால் அடைப்புக்குள் வரும் இதழ் எண் நிமிர்ந்து நிற்கும். இணையப் பக்கத்துக்கு வந்தால் எம்.எல்.ஏ. முறையில் பக்கத்தின் பெயர் மேற்கோள்குறிக்குள்ளும் தளத்தின் பெயர் சாய்விலும் வருகிறது, ஏ.பி.ஏ. அதைத் தலைகீழாக்கிப் பக்கத்தின் பெயரைச் சாய்த்துத் தளத்தின் பெயரை நிமிர்த்துகிறது. ஆனால் மாத்ருபூமி போன்ற மலையாள நாளிதழின் செய்தியை அதன் இணையப் பதிப்பிலிருந்து எடுத்தாலும் ஏ.பி.ஏ. அதை நாளிதழ்ச் செய்தியாகவே கொள்வதால், சாய்வது நாளிதழின் பெயர்தான். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் தலைப்பை ஏ.பி.ஏ.வும் எம்.எல்.ஏ.வும் சாய்க்கின்றன, சிகாகோ மேற்கோள்குறிக்குள் வைக்கிறது. உங்கள் குழு உறுப்பினர் சிகாகோ முறையில் பழகிய வரலாற்றுத் துறைக்காரராக இருந்தால் அவருடைய கேள்வியில் வியப்பில்லை.

அடுத்தது ஆங்கிலப் பெரிய எழுத்துகள். நம் எழுத்துகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது என்பதால் இதன் நுணுக்கங்களை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். 1856-இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூலின் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 'எ கம்பேரட்டிவ் கிராமர் ஆஃப் த டிரவிடியன் ஆர் சவுத்-இந்தியன் ஃபேமிலி ஆஃப் லாங்குவேஜஸ்'. எம்.எல்.ஏ., சிகாகோ இரண்டிலும் கம்பேரட்டிவ், கிராமர், டிரவிடியன், சவுத்-இந்தியன், ஃபேமிலி, லாங்குவேஜஸ் ஆகிய சொற்கள் அனைத்தும் பெரிய எழுத்தில் தொடங்கும். 'ஆஃப்', 'த', 'ஆர்' ஆகியவை சிறிய எழுத்திலேயே நிற்கும். ஏ.பி.ஏ. நூற்பட்டியலில் முதலில் நிற்கும் 'எ' என்ற ஒற்றை எழுத்தும், சிறப்புப் பெயர்களான டிரவிடியனும் சவுத்-இந்தியனும் மட்டுமே பெரிய எழுத்து பெறும். துணைத்தலைப்பு இருந்தால் முக்காற்புள்ளிக்குப் பின் வரும் முதல் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். இதழின் பெயருக்கு இந்தச் சுருக்கம் பொருந்தாது. அதன் எல்லா முக்கியச் சொற்களும் ஏ.பி.ஏ.விலும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். 'ஆஃப்', 'பிட்வீன்' போன்ற ஆங்கில முன்னிடைச் சொற்களில் இன்னொரு சிக்கல் உண்டு. எம்.எல்.ஏ. அவற்றை எவ்வளவு நீளமானாலும் சிறிய எழுத்தில் வைக்கச் சொல்கிறது. 2024-இல் வந்த சிகாகோ பதினெட்டாம் பதிப்பு, ஐந்தெழுத்தும் அதற்கு மேலும் உள்ளவற்றைப் பெரிய எழுத்தில் தொடங்கச் சொல்லித் தன் பழைய விதியையே மாற்றிக்கொண்டது. ஆகவே சிகாகோ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பதிப்பு என்பதையும் நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவையெல்லாம் எந்தக் கையேட்டைத் திறந்தாலும் கிடைக்கும். உங்கள் ஆய்வேட்டில் உண்மையான வேலை தலைப்பை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. தலைப்புக்கு ஆதாரம் நூலின் உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கம். மேலட்டையோ, முதுகோ, நூலகப் பட்டியலோ, வழக்கில் நாம் அழைக்கும் பெயரோ ஆதாரமாகாது. 1887-இல் வெளிவந்த வில்லியம் லோகனின் நூலை எல்லோரும் மலபார் மேனுவல் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பதிப்பின் தலைப்பு 'மலபார்' மட்டுமே. பிற்காலத்து மறுபதிப்புகள் சில மேனுவல் என்ற பெயரோடு வந்திருக்கின்றன. நீங்கள் கையில் வைத்துப் படித்தது எந்தப் பதிப்போ அதன் தலைப்புப் பக்கத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும். மறுபதிப்பைப் படித்துவிட்டு 1887 என்று ஆண்டு போடுவதும், மூலப் பதிப்பைப் படித்துவிட்டு மேனுவல் என்று சேர்ப்பதும் ஒரே வகைப் பிழை. இரண்டும் தேர்வாளரை வேறொரு புத்தகத்திடம் அனுப்புகின்றன.

நாகர்கோவில்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கண்ணி இருக்கிறது. 'திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்' என்று ஆங்கிலத்தில் வந்த நூல்கள் இரண்டு. வி. நாகம் அய்யாவின் மூன்று தொகுதிகள் 1906-இல் வந்தன; டி. கே. வேலுப்பிள்ளையின் நான்கு தொகுதிகள் 1940-இல் வந்தன. தலைப்பு ஒன்றுதான். அடிக்குறிப்பில் தலைப்பைச் சுருக்கி 'ஸ்டேட் மேனுவல், தொகுதி 2' என்று மட்டும் எழுதினால் அது எந்த நூலென்று யாராலும் சொல்ல முடியாது, இரண்டுக்குமே இரண்டாம் தொகுதி இருப்பதால். இங்கே சாய்வெழுத்து சரியாக இருந்தும் பயனில்லை. ஆசிரியர் பெயர் ஒவ்வொரு முறையும் சேர்ந்து வர வேண்டும். கோயில் நில உடைமை பற்றி இருவரும் எழுதுகிறார்கள் என்பதால் உங்கள் ஆய்வேட்டில் இவை அடுத்தடுத்து வரும் வாய்ப்பு மிகுதி.

தலைப்புப் பக்கத்தில் உள்ள எழுத்துக்கூட்டலைத் திருத்தவும் கூடாது. கே. கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி எழுதி 1953-இல் வெளிவந்த நூலின் ஆங்கிலத் தலைப்பில் ஊர்ப்பெயர் 'சி' எழுத்துக்குப் பின் 'எச்' இல்லாமல் அச்சாகியிருக்கிறது. இன்று பேருந்துப் பலகையிலும் அரசு ஆவணத்திலும் 'எச்' சேர்த்தே எழுதுகிறார்கள். உங்கள் உரைநடையில் ஊரைச் சொல்லும்போது இன்றைய வழக்கை எழுதுங்கள். நூலைச் சொல்லும்போது அச்சில் உள்ளதை எழுதுங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து உங்கள் தட்டச்சாளர் ஒன்றைத் திருத்திவிட்டால், நூலக அட்டவணையில் தேடுகிறவருக்கு அந்த நூல் கிடைக்காமலே போகலாம். மாற்ற அனுமதி உள்ளவை மூன்றே: பெரிய, சிறிய எழுத்துகள், முதன்மைத் தலைப்புக்கும் துணைத்தலைப்புக்கும் நடுவே உள்ள நிறுத்தக்குறி, எழுத்தின் சாய்வு. பழைய அச்சகங்கள் தலைப்புப் பக்கம் முழுவதையும் பெரிய எழுத்திலேயே கோத்தன. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் கிடைக்கும் ஆய்வேடுகள் பலவற்றின் முகப்பும் அப்படியே. அதை அப்படியே பட்டியலில் கொட்ட வேண்டியதில்லை. நீங்கள் பின்பற்றும் முறைக்கு ஏற்ப இறக்கி எழுதலாம்.

தலைப்பிலேயே ஆண்டு அடங்கியிருந்தால் அதுவும் தலைப்பின் பகுதிதான். 1956 நவம்பர் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணையும் வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி அரசின்கீழ் இருந்ததால், நீங்கள் பார்க்கும் நிருவாக அறிக்கைகளில் அங்கே வழங்கிய கொல்லம் ஆண்டு தவறாமல் வரும். தலைப்பில் கொல்லம் ஆண்டு இருந்தால் அதை ஆங்கில ஆண்டாக மாற்றாமல் அப்படியே வையுங்கள். வெளியீட்டு ஆண்டு கொல்லம் கணக்கில் மட்டும் இருந்தால், அதை எழுதி அதற்கு நிகரான ஆங்கில ஆண்டைப் பகர அடைப்புக்குள் கொடுங்கள். கணக்கு எளிது: ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், சனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். கோயில் நுழைவுப் பிரகடனம் கொல்லம் 1112 துலாம் 27-இல் வந்தது. அதாவது 1936 நவம்பர் 12. மாதம் தெரியாத போது 1936-37 என்று இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

தொடர் வெளியீடுகள் தனியே கவனிக்க வேண்டியவை. பொதுவிதி, ஒரு நூல் ஏதாவது ஒரு தொடரின் பகுதியாக வெளிவந்தால் நூலின் பெயர் சாயும், தொடரின் பெயர் சாயாமலும் மேற்கோள்குறி இல்லாமலும் வரும் என்பது. இந்த விதியைப் படித்துவிட்டுத் 'திருவிதாங்கூர் தொல்லியல் தொடர்' என்ற ஆங்கில வெளியீட்டின் பெயரையும் நிமிர்த்தி எழுதுகிறவர்கள் உண்டு. டி. ஏ. கோபிநாத ராவ் 1910-இல் தொடங்கிய அந்த வெளியீட்டின் தொகுதிகளுக்கு வேறு பெயர் கிடையாது. தொடரின் பெயரே தொகுதியின் பெயராகவும் இருக்கிறது. எனவே அது சாய்ந்தே வர வேண்டும், தொகுதி எண்ணோடு. உள்ளே உள்ள ஒரு கல்வெட்டைச் சுட்டும்போது அந்தக் கல்வெட்டின் எண்ணையும் பக்கத்தையும் கொடுத்தால் போதும். அந்தப் பதிவுக்குப் பதிப்பாசிரியர் இட்டிருக்கும் தலைப்பைத் தர விரும்பினால் அதை மேற்கோள்குறிக்குள் வையுங்கள், அது தொகுதிக்குள் அடங்கியது என்பதால்.

தலைப்பே இல்லாத மூலங்கள் உங்களிடம் நிறைய இருக்கும். கோயில் கணக்கு ஓலை, ஒற்றி முறி (அடமானப் பத்திரம்), நீட்டு (அரசாணை), கடிதம் ஆகியவற்றுக்கு எழுதியவர் பெயர் சூட்டவில்லை. நீங்களும் சூட்டக் கூடாது. அது என்ன ஆவணம் என்பதைச் சாதாரண எழுத்தில், சாய்வும் மேற்கோள்குறியும் இல்லாமல், விவரித்து எழுதுங்கள்; ஏ.பி.ஏ. மட்டும் அந்த விவரிப்பைப் பகர அடைப்புக்குள் கேட்கும். அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் என்று நாம் வழங்குவது ஒரு தொகுப்புக்கு ஆய்வாளர்கள் வைத்த அடையாளம்; திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் என்பதும் அப்படியே. அவை சாயா. ஆனால் அந்த ஓலைகளைப் பதிப்பித்து நூலாக வெளியிட்டிருந்தால், அந்த நூலின் பெயர் வழக்கமான நூற்பெயரைப் போலச் சாயும். எதைப் பார்த்தீர்கள், ஓலையையா அச்சுப் பதிப்பையா என்பதை இந்த ஒரு சாய்வே தேர்வாளருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஓலையைத் தொட்டுப் பார்க்காமல் பதிப்பிலிருந்து எடுத்தவர்கள் இங்கேதான் அகப்படுகிறார்கள்.

இனித் தமிழ், மலையாள எழுத்து. ரோமன் சாய்வெழுத்து என்பது நிமிர்ந்த எழுத்தைச் சற்றே தள்ளிவிட்டது அன்று. 1501-இல் வெனிஸ் நகரத்து அச்சகத்தில் கையெழுத்து மரபிலிருந்து தனியே வெட்டப்பட்டு வளர்ந்த வேறொரு வடிவம் அது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் அப்படி ஒரு மரபு இல்லை. கணினியில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் அது நிமிர்ந்த எழுத்தை இயந்திரமாக வலப்புறம் தள்ளுகிறது. 'ண', 'ழ' போன்ற எழுத்துகளின் சுழிகள் நசுங்குகின்றன, புள்ளி தன் எழுத்தை விட்டு நகர்ந்து அடுத்ததன் தலைமேல் போய் நிற்கிறது. ஆகவே ஆங்கில ஆய்வேட்டுக்குள் தமிழ் எழுத்திலோ மலையாள எழுத்திலோ தலைப்பைத் தந்தால், அது நூற்பெயரே ஆனாலும் நிமிர்த்தியே வையுங்கள். சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு ஆங்கிலப் பதிப்பாளர்கள் இதையேதான் செய்கிறார்கள். ஆய்வேடு முழுவதுமே தமிழில் இருந்தால் நூற்பெயரைத் தடித்த எழுத்திலும் கட்டுரைப் பெயரை மேற்கோள்குறியிலும் வைப்பது என் தேர்வு. வேறு முறையும் ஏற்கத்தக்கதே. தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றாக இருந்தால் சரி.

உங்கள் ஆய்வேடு ஆங்கிலத்தில் இருப்பதால் ரோமன் எழுத்துப்பெயர்ப்பு, அதாவது தமிழ், மலையாளத் தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதுவது, வேண்டும். ஏ.பி.ஏ. அதைக் கட்டாயமாக்குகிறது, பெயர்ப்பைச் சாய்த்து எழுதி, அதன் பின் தலைப்பின் ஆங்கிலப் பொருளைச் சாய்க்காமல் பகர அடைப்புக்குள் கொடுக்கச் சொல்கிறது. எம்.எல்.ஏ.வில் மூல எழுத்தையே வைத்துக்கொள்ளலாம். சிகாகோவில் ரோமன் பெயர்ப்புக்குப் பின் மூல எழுத்தைச் சேர்க்கலாம். எழுத்துப்பெயர்த்த தலைப்பில் முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்து பெறும். எந்தக் கையேட்டைப் பின்பற்றினாலும் இதில் மாற்றமில்லை, ஆங்கிலத் தலைப்பின் வழக்கத்தைத் தமிழ்ச் சொற்கள்மீது ஏற்றக் கூடாது என்பதால்.

எந்தப் பெயர்ப்பு முறை என்றால், தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் முறை போதும். ஆனால் நீங்கள் இரண்டு மொழியையும் கையாள்வதால் இந்திய மொழி எழுத்துகளை ரோமனில் பெயர்ப்பதற்கென 2001-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 15919 என்ற பன்னாட்டுத் தரம் வசதியானது. 'ழ', 'ற', 'ன' ஆகியவற்றுக்கு அடிக்கோடும் 'ள', 'ண', 'ட' ஆகியவற்றுக்கு அடிப்புள்ளியும் இரண்டிலும் ஒன்றே. இதில் ஒன்றைக் கவனியுங்கள். 'திருவிதாங்கூர்' என்ற பெயர் தமிழ் நூலின் தலைப்பில் இருந்தால் 'ங்' மேற்புள்ளி இட்ட 'என்' ஆக வரும். மலையாள நூலின் தலைப்பில் அதே இடத்தில் அனுஸ்வாரம் என்ற மூக்கொலிக் குறி இருப்பதால் அது மேற்புள்ளி இட்ட 'எம்' ஆக வரலாம். பட்டியலில் இரண்டும் அருகருகே நிற்கும்போது கண்ணை உறுத்தும். ஒன்றாக்கிவிடாதீர்கள், ஒவ்வொரு நூலும் தன் எழுத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதற்குத்தான் பெயர்ப்பு.

மென்பொருளைப் பற்றி. ஸோட்டெரோ என்ற நூற்பட்டியல் மென்பொருளில் ஆங்கிலத் தலைப்புகளை ஏ.பி.ஏ. பட்டியலில் வருவது போலச் சிறிய எழுத்தில் பதிவு செய்துவையுங்கள். தேவைப்படும் முறைக்கு ஏற்ப அது தானே பெரிய எழுத்தாக்கிக்கொள்ளும். ஆனால் பெரிய எழுத்தில் பதிந்ததைச் சரியாக இறக்க அதனால் முடியாது, எது சிறப்புப் பெயர் என்று அதற்குத் தெரியாததால். தமிழ், மலையாள மூலங்களுக்கு மொழி என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டால் ஆங்கிலம் என்று கருதி ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்கிவிடும். உங்கள் மென்பொருள் செய்யும் அந்த மூன்றாவது வேலை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அந்தக் கட்டத்தில் தமிழுக்கு 'டி-ஏ', மலையாளத்துக்கு 'எம்-எல்' என்ற ஈரெழுத்துக் குறியை இட்டால் நின்றுவிடும். நூற்பெயரைத் தமிழ் எழுத்திலும் சேர்க்கிறீர்கள் என்றால், தலைப்புக் கட்டத்துக்குள்ளேயே அந்தத் தமிழ்ப் பகுதிக்கு முன்னும் பின்னும் சாய்வுக்கான குறியை, அதாவது கோண அடைப்புக்குள் சிறிய 'ஐ' எழுத்தையும் முடிவில் சாய்கோட்டோடு அதே எழுத்தையும், இட்டுவிடுங்கள். முழுத் தலைப்பும் சாய வேண்டிய இடத்தில், உள்ளே சாய்வு கேட்ட பகுதி மட்டும் நிமிர்ந்துவிடும். வேர்டில் ஒவ்வொரு தமிழ்த் தலைப்பாகத் தேடி நிமிர்த்த வேண்டியிருக்காது.